கொழுப்பு ஊசி அல்ல, குடல் ஊசி



எடை குறைப்பு ஊசி பற்றிய உங்கள் கட்டுரை கண்டேன். மௌஞ்சாரோ என்ற அந்த ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து ஈரோட்டு மருந்துக்கடைகளிலும் அதே பேச்சுதான். ஆனால் அதைக் கொழுப்புத் திசு ஹார்மோன் மருந்து என்று எழுதியிருப்பது சரியல்ல. அது குடல் ஹார்மோன்களைப் போல வேலை செய்வது.

கொழுப்புத் திசு சுரப்பது லெப்டின். 1994இல் அதை ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டறிந்தது. குண்டானவர்களுக்கு இரத்தத்தில் அது ஏற்கெனவே அதிகம். ஊசியில் மேலும் ஏற்றினாலும் மூளை கேட்பதில்லை. எடை குறைக்க அது உதவாமல் போனது இதனால்தான்.

லெப்டின் உதவியது வேறு சிலருக்கு. லிப்போடிஸ்ட்ரோபி என்ற அரிய நோயில் உடலில் கொழுப்பு சேர இடமே இராது, அதனால் லெப்டினும் குறைவு. தொடையில் இரத்த நாளம் புடைத்துத் தெரியும், ஆள் ஒல்லி. ஆனால் சர்க்கரை கட்டுக்கடங்காது, கல்லீரலில் கொழுப்பு, இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் எகிறும். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன்: டிரைகிளிசரைடு எகிறியவரின் இரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் சீரம் பால்போல வெளுத்து நிற்கும். இந்நோய்க்கு லெப்டினை ஒத்த மெட்ரிலெப்டினை ஜப்பான் 2013லும் அமெரிக்கா 2014லும் அனுமதித்தன.

ஒல்லியாக இருந்தும் டிரைகிளிசரைடு ஆயிரத்தைத் தாண்டினால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

— வாசகர், பெருந்துறை சாலை, ஈரோடு