ஒரே கப்பல் தந்த இரு கிண்ணங்கள்

காற்பந்தா, கிரிக்கெட்டா, ரக்பியா? எது சிறந்தது என்று நம் மாணவர்கள் ஓய்வு நேரத்தில் வாதிடுவதுண்டு. வாதிடட்டும், அதில் கேடில்லை. "அது நம் ஆட்டமன்று" என்று பெரியவர்கள் தீர்ப்புக் கூறும்போதுதான் கேடு தொடங்குகிறது.

வரலாற்றைச் சற்றே பாருங்கள். 1921இல் இங்கு வந்த எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலின் சார்பில் இரண்டு கிண்ணங்கள் வழங்கப்பட்டன. ஒன்று காற்பந்துக்கு, மற்றொன்று ரக்பிக்கு. அந்தக் காற்பந்துப் போட்டியே பின்னாளில் மலேசியக் கிண்ணப் போட்டியாயிற்று. ஆக, இவ்விரண்டும் இம்மண்ணில் உடன்பிறப்புகள். கிரிக்கெட்டும் அயலன்று. 2008இல் 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ண இறுதியாட்டம் நம் கின்ராரா திடலில்தான் நடந்தது. விராட் கோலி தலைமையிலான இந்திய அணி வென்றது.

1980 ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற நம் காற்பந்து அணியின் கோல்காவலர் ஆறுமுகத்தைப் போற்றும் தந்தை, ரக்பியை நாடும் மகனைத் தடுக்கலாமா?

பெற்றோர்களே, ஆசிரியர்களே! ஒரு குழுவை நேசிக்கக் கற்பிப்பது எளிது. எதிரணியின் நல்லாட்டத்துக்கும் கைதட்டக் கற்பிப்பதே அரிது. கேலி இருக்கட்டும், இகழ்ச்சி வேண்டா. திடலில் இதைக் கற்காத பிள்ளை, பல இனத்தார் வாழும் இந்நாட்டில் வேறெங்கே கற்கும்? சிந்திப்போம்.