ரெஸ்யூமேயின் முதல் வரி

வேலை தேடும் நம் பிள்ளைகள் அவ்வப்போது தங்கள் ரெஸ்யூமேயை என்னிடம் காட்டுவதுண்டு. படிப்பு, அனுபவம், கம்ப்யூட்டர் பயிற்சி எல்லாவற்றையும் அவர்களே நன்றாக எழுதிவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது முதல் வரிதான். அதாவது, பெயர்.

தமிழ்நாட்டில் 'எஸ். கார்த்திக்' என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். இங்கே டெல்லியில் "சர்நேம் என்ன?" என்பதுதான் முதல் கேள்வி. பான் அட்டை விண்ணப்பத்திலோ இனிஷியலே கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும். ஆகவே பள்ளிச் சான்றிதழில் எஸ். கார்த்திக், பான் அட்டையில் கார்த்திக் சுப்பிரமணியன், பாஸ்போர்ட்டில் சுப்பிரமணியன் கார்த்திக், ரெஸ்யூமேயில் வெறும் கார்த்திக். ஒரே பையன், நான்கு ஆட்கள்! ஆள் எடுத்த பிறகு சான்றிதழ்களைச் சரிபார்க்கும் வேலையைப் பல கம்பெனிகள் வெளியாரிடம் விடுகின்றன. அவர்களுக்கு நம் இனிஷியல் வழக்கம் எங்கே தெரியப்போகிறது? எனக்குத் தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வேலையில் சேர முடிந்தது. அதற்குள் ஒரு மாதச் சம்பளம் போயிற்று.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை, எழுத்துக்கு எழுத்து, ரெஸ்யூமேயிலும் போடுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகளில், சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாம் வகுப்புப் பதிவின்போதே பெயரை விரித்துக் கொடுத்துவிடுவது நல்லது.

சர்நேம் கட்டத்தை நிரப்புவதற்காகத் தாத்தா எப்போதோ விட்ட சாதிப் பெயரைச் சிலர் தேடி எடுத்து ஒட்டுகிறார்கள். இது எனக்குச் சம்மதமில்லை. சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டவர்கள் நாம். அப்பா பெயர் போதும்; அம்மா பெயரானாலும் சரியே. ஆபீஸில் மகனை "மிஸ்டர் சுப்பிரமணியன்" என்று கூப்பிட்டால், வீட்டிலிருக்கும் சுப்பிரமணியனுக்கும் ஒரு சந்தோஷம்தானே!

அப்புறம், தந்தையின் தொழில், மதம், திருமண விவரம் இதெல்லாம் கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் தாளுக்குத்தான் பொருந்தும். அந்த இடத்தில் தெரிந்த மொழிகளை எழுதலாம். தமிழ் பேச மட்டும் வருமென்றால் 'பேச மட்டும்' என்றே எழுதட்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் நம் ஊர்க்காரராக இருந்து, தமிழ் நாளிதழ் ஒன்றை நீட்டிப் படிக்கச் சொன்னால் என்ன செய்வது?