எஞ்சினின் மூச்சு

மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கும் மூச்சுண்டு. பிஸ்டன் வளையங்களைக் கடந்து கசியும் வாயு கிராங்க் அறையிலே தங்கின் எண்ணெயைக் கெடுக்கும். அழுத்தம் மிகின் எண்ணெயை வெளித்தள்ளும். முன்னாளில் ஒரு குழாயை வண்டிக்கடியில் தொங்கவிட்டு அவ்வாயுவைத் தெருவிலே கழித்தனர். கலிபோர்னியாவில் 1961-ஆம் ஆண்டு வண்டிகள் முதல், அதனை மீண்டும் எஞ்சினுக்கே ஊட்டும் வால்வு இடம்பெற்றது. எஞ்சின் சுமையின்றி மெல்லோடுங்கால் அது சிறிதே திறக்கும். சுமை ஏறுங்கால் மிகத் திறக்கும். இந்நுட்பத்தை அறியாது, வால்வைக் கழற்றியெறிந்து குழாயை வெளியே விடுவாரும் உளர். வேகங் கூடுமாம்! தம் எஞ்சினின் அழுக்கைப் பிறர் மூக்கிற்கு ஈவது என்ன சீர்திருத்தமோ, யாம் அறியோம். எண்ணெய்த்துளி உட்செல்வதே குறையாயின், இடையில் அதனைப் பிடிக்கும் கலமொன்றை வைத்து, வாயுவை மூடிய வழியிலேயே உட்செலுத்துக. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் எஞ்சின்களில், உள்வழி வால்வுகளிற் படியும் எண்ணெய்க் கரியைப் பெட்ரோல் கழுவாதாகலின், இம்மாற்றம் தக்கதே என்போம். கலத்தை அவ்வப்பொழுது வடித்தல் வேண்டும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றற்க.