சில்லறை இல்லாத சட்டைப் பை

பட்டணத்து வாலிபர்களின் சட்டைப் பையைப் பற்றி எழுத வேண்டுமென்று வெகு நாளாக எண்ணியிருந்தோம். ஒரு காலத்தில் அந்தப் பைக்குள் இல்லாத வஸ்து கிடையாது. பஸ் டிக்கட், சலவைக் கடைச் சீட்டு, மடித்து மடித்து நைந்துபோன பத்து ரூபாய் நோட்டு, ஒரு கைப்பிடிச் சில்லறை எல்லாம் சேர்ந்து பையைக் கீழே இழுத்துக் கொண்டிருக்கும். இப்போது அங்கே ஒரு செல்போன் மட்டும் வீற்றிருக்கிறது. பை தொங்குவது என்னவோ பழையபடிதான். நடக்கும்போது கலகலவென்ற சப்தந்தான் கேட்பதில்லை.

'யு.பி.ஐ.' என்ற பணப் பட்டுவாடா ஏற்பாடு நம் தேசத்தில் ஆரம்பமானது 2016-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில். அதே வருஷம் நவம்பர் 8-ந் தேதி இரவு, ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஆயிரம் ரூபாய் நோட்டும் செல்லாது என்ற அறிவிப்பு வந்ததும், ஜனங்கள் வேறு வழி தேடினார்கள். இன்றோ, கீரைக்காரியின் கூடை ஓரத்திலும் பூக்காரியின் பலகையிலும் கட்டம் கட்டமாகக் கறுப்பும் வெளுப்புமாய் ஒரு கோலம் ஒட்டியிருக்கிறது. 1994-ல் ஜப்பானில் மோட்டார் உதிரிப் பாகங்களை அடையாளம் கண்டுகொள்வதற்காகக் கண்டுபிடித்த கோலம் அது. மயிலாப்பூர் மாட வீதியில் இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்குவதற்கு அது உதவப் போகிறதென்று அந்த ஜப்பானியர் சொப்பனத்திலும் கருதியிருக்க மாட்டார்!

இந்த ஏற்பாடு முற்றும் சுதேசி என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால், ஜனங்களில் பெரும்பாலோர் இதற்காகக் கையாளும் செயலிகள் இரண்டில், ஒன்று அமெரிக்காவின் கூகுள் கம்பெனியுடையது. மற்றொன்றில் பெரும் பங்கு அமெரிக்காவின் வால்மார்ட்டுடையது. ரஸ்தா நம்முடையது, வண்டி அன்னியருடையது. போகட்டும், இதை வேறொரு வாரம் பார்த்துக் கொள்வோம்.

குறை சொல்வதற்காக நாம் பேனாவை எடுத்தோமென்று யாரும் எண்ண வேண்டாம். சில்லறைக் காலத்தின் கஷ்டங்களை நாம் மறந்துவிடவில்லை. ஒரு ரூபாய் பாக்கி கேட்டால் கடைக்காரர் மிட்டாயை நீட்டுவார். அதே மிட்டாயை மறு நாள் காசுக்குப் பதிலாகத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும் அவர் குணம்! பத்து ரூபாய் நாணயத்தின் கதையோ அதைவிடப் பரிதாபம். பதினான்கு விதமான பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று 2018-ல் ரிசர்வ் வங்கி அடித்துச் சொல்லியும், நம் ஜில்லாக்களில் பல கடைக்காரர்கள் அதைத் தொடவும் மறுத்தார்கள். வாங்குகிறவருக்குத்தான் சௌகரியம் என்றில்லை. 2020 ஜனவரியிலிருந்து இந்த முறையில் வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் வங்கிகள் கட்டணம் பிடிப்பதும் இல்லை. பணம் வந்து சேர்ந்ததைக் கடை முழுவதும் கேட்கும்படி கூவிச் சொல்லும் பெட்டிக்கு மட்டும் மாத வாடகை உண்டு. பொய்ப் படத்தைக் காட்டிவிட்டு நழுவும் புண்ணியவான்கள் இருக்கும் ஊரில் அந்தப் பெட்டி இல்லாமல் முடியாது.

நிற்க. திருவல்லிக்கேணியில் 'மேன்ஷன்' என்னும் மாளிகைகள் பல உண்டு. கட்டில் போட்டால் காலை வைக்க இடமில்லாத அறைகள் கொண்ட வீட்டுக்கு மாளிகையென்று பெயர் வைத்தவர் நல்ல ஹாஸ்யப் பிரியராய் இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட மாளிகை ஒன்றில் வாசம் செய்யும் வாலிபர் ஒருவரை நாம் அறிவோம். கம்பெனி ஒன்றில் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குச் சுதந்திர தினம்.

காலையில் தெருக்கோடியில் தேநீர். அந்தக் கடையில் மூன்று வருஷம் தேநீர் குடித்த பிறகு, முதன் முதல் செல்போனைக் காட்டிப் பணம் கொடுத்த அன்றுதான் கடைக்காரரின் பெயர் திரையில் தெரிந்தது. "பெயர் ரொம்ப நன்றாயிருக்கிறது, அண்ணே!" என்றாராம் நம் வாலிபர். "அது என் சம்சாரம் பெயர், தம்பி. பாங்குக் கணக்கு அவள் பெயரில்தான் இருக்கு" என்று பதில் வந்ததாம்.

பிறகு பாரதி சாலை. பைகிராப்ட்ஸ் ரோடு என்றால்தான் பழைய மனிதர்களுக்குப் புரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடைபாதையில் பழைய புத்தகங்கள் பரப்பியிருப்பார்கள். அந்த வியாபாரத்தில் பேரம் என்பது ஒரு பெரிய கலை. வாங்குகிறவரின் கையிலிருந்த பிரம்மாஸ்திரம் ஒன்றே ஒன்று. பையைத் துழாவி, கசங்கிய நோட்டுக்களை எடுத்து நீட்டி, "என்னிடம் இருப்பதே எழுபது ரூபாய்தான், ஐயா, பஸ்ஸுக்குப் பத்து வைத்துக் கொண்டு மிச்சத்தைத் தருகிறேன்" என்று முகத்தைத் தொங்கப் போடுவதுதான் அது. எப்பேர்ப்பட்ட வியாபாரியும் அதற்கு இளகிவிடுவார். இன்று அந்த அஸ்திரம் பலிக்குமா? மாதச் சம்பளம் முழுவதும் சட்டைப் பைக்குள் இருக்கிறது என்பது வியாபாரிக்குத் தெரியுமே! "நூற்றிருபது, தம்பி" என்கிறார். கோலத்தைச் சுட்டிக் காட்டுகிறார். விஷயம் முடிந்து விடுகிறது.

மாலையில் மெரினா. சுண்டல், மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடுதல். ஆளுக்கு ஆள் செல்போனைத் தூக்கி வைத்துக் கொண்டிருக்கும் அந்தக் கூட்டத்தில், சில சமயம் பணம் போகாமல் சக்கரம் சுற்றிக் கொண்டே நிற்கும். "பரவாயில்லை, அடுத்த வாரம் சேர்த்துப் போடுங்க" என்று சுண்டல்காரர் சொல்லிவிட்டு நடப்பார். வருமானம் எவ்வளவென்று தெரியாத ஒரு பிள்ளையிடம் அவர் வைக்கும் நம்பிக்கையை எந்த வங்கியும் வைக்காது.

2022-ல் இன்னொரு சௌகரியமும் வந்து சேர்ந்தது. 'லைட்' என்று பெயர். சிறு தொகைகளுக்கு இரகசிய எண்ணைத் தட்ட வேண்டிய சிரமங்கூட இல்லை. முதலில் இருநூறு ரூபாய் வரை என்றார்கள். 2023-ல் ஐந்நூறாயிற்று. 2024 டிசம்பரில் ஆயிரமாயிற்று. அந்த நான்கு எண்களைத் தட்டுகிற நேரத்தில்தான், "இது வேண்டுமா?" என்று மனத்துக்குள் ஒரு குரல் கேட்டுக் கொண்டிருந்தது. அதையும் ஒழித்தாயிற்று.

சென்ற மாதம் நம் வாலிபர் சற்று வாடிய முகத்துடன் வந்தார். ஊரில் தங்கையின் காலேஜ் சம்பளத்துக்காக எட்டாயிரம் ரூபாய் அனுப்ப வேண்டும். கணக்கில் இருந்ததோ ஐயாயிரம். அறைத் தோழரிடம் மூவாயிரம் கைமாற்று வாங்கி அனுப்பினாராம். "நான் ஒன்றும் வாங்கவேயில்லையே, சார்! ஒரு சட்டை கூட எடுக்கவில்லை!" என்றார். செல்போனைக் காட்டச் சொன்னோம். நூறு ரூபாய்க்கு உட்பட்ட செலவுகள் மாத்திரம் நூற்று நாற்பத்து மூன்று. கூட்டிப் பார்த்தால் ஆறாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். இருவருமாக உட்கார்ந்து குற்றவாளியைத் தேடினோம். தேநீரைக் குற்றம் சொல்ல முடியுமா? ஐந்து ரூபாய் ரயில் டிக்கட்டையா? தோழர் பிறந்த நாளுக்கு வாங்கிய குல்பியையா? ஒவ்வொன்றும் நியாயமான செலவுதான். நமது தலைமுறை இதைவிடச் சிக்கனமானது என்று நாம் சொல்லத் துணிய மாட்டோம். நம் பையில் காசு தீர்ந்து போயிற்று, அவ்வளவுதான். அவர் பையில் தீர்ந்தது தெரியவில்லை.

கடைசியில் அவரே ஓர் உபாயம் கண்டுபிடித்தார். சனிக்கிழமை இரவு இயந்திரத்திலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்துப் பையில் வைத்துக் கொள்வது. ஞாயிறு முழுவதும் அதற்குள் நடத்துவது. உபாயம் உத்தமமானதுதான். நூறு, இருநூறு ரூபாய் நோட்டுக்களும் இயந்திரங்களில் கிடைக்கும்படி செய்ய வேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் அன்று நம் வாலிபருக்கு வாய்த்தவை இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கள். அவற்றில் ஒன்றைப் பாரதி சாலைப் புத்தக வியாபாரியிடம் நீட்டினார். வியாபாரி நோட்டை வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு வாலிபரைப் பார்த்தார்.

"அறுபது ரூபாய் புஸ்தகத்துக்கு ஐந்நூறா? சில்லறைக்கு எங்கே போவேன், தம்பி? போனை எடுங்க" என்றார்.