கருகிய ரொட்டிக்குச் சிவப்புக் கோடா?



"கணினியில் ரொட்டி சுட்டு என்ன பயன், வாத்தியாரே?" என்று கிள்ளானில் ஒரு தந்தை கேட்டார். மகன் இரவெல்லாம் 'ரூன்ஸ்கேப்' ஆடுகிறானாம். உறக்கம் கெடுகிறது என்றால் ஒப்புக்கொள்வேன். பயனே இல்லை என்பதை ஏற்கமாட்டேன்.

2001-இல் வெளிவந்த அவ்விளையாட்டில் ரொட்டி எளிதில் கிடைத்துவிடாது. வயலில் கோதுமை பறித்து, காற்றாலையின் மேல்மாடியில் கொட்டி, விசையை இயக்கி, கீழே இறங்கி வந்து பானையில் மாவை அள்ளவேண்டும். தண்ணீர் விட்டுப் பிசைந்து அடுப்பில் வைத்தால் தொடக்கத்தில் அடிக்கடி கருகும்; மாவும் வீண். கேக் செய்யவோ சமையல் திறன் 40-ஆம் நிலையை எட்டவேண்டும். அதுவரை பையன் எத்தனை கருக்கியிருப்பான்! எவரும் அவனைத் திட்டவில்லை.

நம் வகுப்பில்? ஓர் ஒற்றுப்பிழைக்கு ஒரு சிவப்புக் கோடு; திருத்தி மீண்டும் எழுத நேரமில்லை. (நானும் கோடு போட்டவன்தான்.) 2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வே ஒழிக்கப்பட்டது, சிவப்புக் கோடு ஒழியவில்லை.

விளையாட்டு ரொட்டிக்கு மணமில்லை, அதில் விரலும் சுடாது என்பீர்கள். உண்மை. மாவு உப்பும்வரை காத்திருக்கவும் அது கற்பிக்காது. அங்கே ஈஸ்ட்டே தேவையில்லை! ஆகவேதான், "பையனை ஒருநாள் சமையலறைக்குள் விடுங்கள்" என்றேன்.

"அது பொம்பளப் பிள்ளைங்க வேலையாச்சே, வாத்தியாரே!" என்றார்.

மோட்டார் சைக்கிளில் உங்கள் தாமானுக்கு வரும் ரொட்டிக்காரர் ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.