இரு தீவுகள், இரு மீன்கொத்திகள்: துணையினம் என்றால் இளக்காரமா?

நாகலாபுரத்து ஏரிக்கரையில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி மடிந்தால், பிச்சாட்டூர்ப் பக்கமிருந்தோ ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்தோ மற்றொன்று வந்து அவ்விடத்தை நிரப்பும். பெருநிலப் பறவைக்கு வாய்த்த இக்காப்பு தீவுப் பறவைக்கு இல்லை. டோடிராம்ஃபஸ் பேரினத்தின் இரு மீன்கொத்திகளை ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

முதலாவது, பசிபிக்கின் குவாம் தீவுக்கே உரியது. சமோரோ மக்கள் அதனைச் ‘சிஹெக்’ என்பர். காட்டில் பல்லியும் பூச்சியும் தின்று, உளுத்த மரங்களைக் குடைந்து கூடு வைத்த பறவை அது. இரண்டாம் உலகப்போரை ஒட்டிச் சரக்குகளுடன் வந்திறங்கிய பழுப்பு மரப்பாம்பு அதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் அழித்தது. 1984 முதல் 1986 வரை பிடித்துக் காக்கப்பட்ட 29 பறவைகளின் வழியிலேயே இனம் எஞ்சியது; 1988க்குள் இயற்கையில் அது அற்றுப்போயிற்று. 2024இல்தான் ஒன்பது பறவைகள் பால்மைரா பவளத்தீவில் விடப்பட்டன.

இரண்டாவது, நம் நிக்கோபாரின் வெண்கழுத்து மீன்கொத்தி. அலையாத்தியிலும் கடற்கரையிலும் நண்டு பிடித்துண்ணும் இப்பறவையினம் செங்கடல் முதல் பிலிப்பைன்ஸ் வரை பரவியுள்ளது. ஆதலால் கவலைக்குரியதன்று என்பது பட்டியலின் தீர்ப்பு. ஆனால் அந்தமானில் வாழ்வது ஒரு துணையினம், நிக்கோபாரில் வாழ்வது வேறொன்று. செங்கடற்கரைப் பறவை எத்தனை பெருகினும் நிக்கோபார்ப் பறவைக்கு ஈடாகாது.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. நிக்கோபாரில் பாம்புகள் இயல்பாகவே வாழ்கின்றன. குவாம் பறவைகளோ மரமேறும் பாம்பை அறியாதவை. எனினும் குவாம் தரும் பாடம் பாம்பைப் பற்றியது மட்டுமன்று, துறைமுகத்தைப் பற்றியது. பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெயர்ப்புத் துறைமுகம் அமைக்கும் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு அத்திட்டத்துக்கு மாற்றப்படுகிறது. காடு குறையும் அதே வேளையில், எந்த அயல் உயிரி எந்தப் பெட்டியில் வந்திறங்கும் என்பதை எவரும் முன்கூட்டிக் கூறவியலாது.

குவாம், பலாவ், போன்பெய் பறவைகள் மூன்றும் நெடுங்காலம் ஒரே இனமாகவே எண்ணப்பட்டன. அக்கணக்கில் சிஹெக்கின் அழிவு வெறும் துணையின இழப்பு; இன்றைய கணக்கில் ஓர் இனமே காட்டை இழந்த பேரிழப்பு. மாறியது வகைப்பாடே ஒழியப் பறவையன்று. ஆகவே தீவுத் துணையினங்களைத் தனித்தனியே மதிப்பிடுவதும், துறைமுகம் இயங்குமுன் அயல் உயிரிக் கண்காணிப்பை நிறுவுவதும் ஆய்வுலகம் இப்போதே வலியுறுத்த வேண்டியவை. பெயர் திருத்தப்படும் வரை பறவை காத்திராது.