கண்ணைப் பார்க்க கம்ப்யூட்டர் ரெடி. கூட்டிட்டுப் போகத்தான் ஆள் இல்லை!

பழங்காநத்தத்துல இருந்து எங்க ஓபிக்கு வர்ற ஒரு அம்மா. பத்து வருசமா சுகர். வீட்டு வேலைக்குப் போறவங்க.

"கண்ணு டெஸ்ட் பண்ணீங்களாம்மா?"

"கண்ணு நல்லாத்தேன் தெரியுது சார். ஊசியில நூல் கோர்க்கிறேன்ல."

மூணாவது தடவையா இதே பதில்.

சுகரால் விழித்திரை கெடுவதை டயாபடிக் ரெட்டினோபதி என்போம். ஆரம்பத்தில் வலிக்காது, மங்காது. மங்கும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். போன பார்வையை முழுசா மீட்பது கஷ்டம்.

இதைக் கண்டுபிடிக்கிற ஏஐ எங்கே வளர்ந்தது தெரியுமா மக்களே? இந்த அம்மா வீட்டிலிருந்து வைகையைத் தாண்டினால் அண்ணா நகர். 1976ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை. 2016ல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவிலும் இந்தியாவிலும் எடுத்த 1,28,175 விழித்திரைப் படங்களை வைத்து கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்தினார்கள். அதில் அரவிந்த் படங்களும் உண்டு. அதாவது நம்ம ஊர் சுகர் நோயாளிகள்தான் அதுக்கு வாத்தியார்!

2019ல் வந்த அடுத்த ஆய்வில் அரவிந்திலேயே வைத்துப் பார்த்தார்கள். மேல்சிகிச்சை தேவைப்படும் பாதிப்புகளில் சுமார் 89 சதவீதத்தை அது சரியாகப் பிடித்தது. கண்களைப் படித்துச் சொல்லும் பயிற்சி பெற்றவர்களுக்கு ஏறக்குறைய சமம். உண்மையிலேயே பெரிய விசயம். எனக்கு இதில் பொறாமையெல்லாம் இல்லை, ஒரு நாளைக்கு ஓபியில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்னு எங்களுக்குத்தான் தெரியும்.

ஆனா இதே ஏஐ தாய்லாந்துக்குப் போனப்ப நடந்ததைக் கேளுங்க.

11 கிளினிக்குகளில் நர்ஸ்களே படம் எடுத்தார்கள். முதலில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை "தெளிவா இல்லை" என்று மிஷின் தள்ளிவிட்டது. ரூம் வெளிச்சம் சரியில்லை, நெட் ஸ்லோ. தள்ளப்பட்டவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். சில இடங்களில் அது ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம். ஒருநாள் கூலி போச்சு. "எதுக்கு வீண் அலைச்சல்" என்று சில நர்ஸ்களே நோயாளிகளிடம் இதில் சேர வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. நான் அந்த நர்ஸைத் திட்டமாட்டேன். நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

நம்ம அம்மாவுக்கும் இதே கதைதான். கண்ணுல மருந்து விட்டா சில மணி நேரம் மங்கலா இருக்கும், தனியா பஸ் ஏற முடியாது. மகளுக்கு லீவு கிடைக்காது. பரிசோதனை இலவசமே ஆனாலும் அன்னைக்குக் கூலியை யார் தர்றது?

என் கருத்து இதுதான். ஏஐ கேமராவை பெரிய கட்டடத்துக்குள்ளே வைக்காதீங்க. 2021ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே சுகர் மாத்திரை கொண்டு போறாங்க. அந்தத் தெருவுக்கே கேமராவும் போகட்டும். ரிசல்ட்டை மிஷின் பிரிண்ட் அடிச்சுத் தரவேண்டாம், அவங்களுக்குத் தெரிஞ்ச முகம் சொல்லட்டும். லேசர் தேவைன்னா எந்தத் தேதி, யார் கூட வர்றதுன்னு அங்கேயே முடிவாகட்டும்.

இன்னொன்னு. மிஷின் "நார்மல்" என்று சொல்லி தவறவிட்டால் யார் பொறுப்பு? கையெழுத்துப் போட்ட டாக்டரா, கம்பெனியா? இதையும் வாங்குறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடணும்.

அந்த அம்மா அடுத்த மாசம் மாத்திரைக்கு வருவாங்க. சீட்டுல சிவப்பு மையில பெருசா "கண்" என்று எழுதி அனுப்பியிருக்கேன். மகளோட போன் நம்பரும் வாங்கி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை பேசணும், அன்னைக்குத்தான் அவளுக்கு லீவாம்.